வெள்ளிக்கிழமை மாசிலாமணி

"அடேயப்பா! இவ்வளவு மருதாணிச் செடியை யார் நட்டு வைத்தது?" என்று ரயிலில் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது தேயிலைங்க. இதுக்குத்தான் எங்க பாட்டன் முப்பாட்டனையெல்லாம் கூட்டியாந்தாங்க" என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இலங்கையில் விளைவது தேயிலை, ரப்பர், தேங்காய் என்று கரும்பலகையில் எழுதி எழுதிச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தவள். அந்தப் பெட்டியில் என் மானம் கப்பலேறியது.

ஆனால் வெட்கப்பட நேரம் ஏது? ஒரு வளைவு திரும்பினால் ஒரு அருவி. இன்னொரு வளைவு திரும்பினால் இன்னொரு அருவி. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீருக்காகத் தெருவில் நின்று மல்லுக்கட்டியவள் நான். இங்கே மலை தண்ணீரைச் சும்மா கொட்டிக்கொண்டிருக்கிறது, கேட்பாரில்லை! ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுக்க மனமே வரவில்லை. ஹட்டனில் இறங்கியபோது கண்ணில் கரித்தூள், தலையெல்லாம் பனித்துளி, பல் கிடுகிடுவென்று ஆடிற்று.

என் கொழுந்தன் தங்கையா ஹட்டனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். அவனுடைய கைக்குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் நான். விசா என்ற புது வில்லங்கம் வந்தபிறகு, கடல் தாண்டி ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடிக்க ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கிறது. ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் தங்கையா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டான். "அண்ணி, மொதல்ல தேத்தண்ணி குடிங்க, அப்புறம் பேசுவோம்" என்றான்.

தேத்தண்ணி என்பது பாலில்லாத தேநீர். சர்க்கரையைக் கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கி ஒரு மிடறு குடிக்க வேண்டும். நான் முதலில் கருப்பட்டியைக் கடித்து விழுங்கிவிட்டு, பிறகு வெறும் கசப்பைக் குடித்து முகத்தைச் சுளித்தேன். நல்ல தூளெல்லாம் சீமைக்குப் போய்விடுகிறதாம், பறிக்கிறவர்களுக்குக் கிடைப்பது கழித்த தூசிதானாம். கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

ஞானஸ்நானத்தைத் தவிர எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் காரியதரிசி. சங்கத்தில் ஒரு நோட்டு உண்டு. யார் எந்த ஊரிலிருந்து ஜெபிக்கச் சொல்லிக் கேட்டாலும் அவர்கள் பெயரும் குறையும் அதில் ஏறும். வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொரு பெயராக வாசித்து மன்றாடுவோம். குறை தீர்ந்தது என்று ஸ்தோத்திரக் கடிதம் வந்தால் சிவப்பு மையால் பெயரை அடிப்போம். கடிதம் வராவிட்டால் பெயர் அப்படியே கிடக்கும். கிடந்து கிடந்து, வாசித்து முடிக்கவே அரைமணி நேரம் ஆகிறது. முழங்கால் வலி கண்டவர்கள் முனகுகிறார்கள்.

"ஐந்து வருஷத்துக்கு மேல் பதில் வராத பெயர்களை அடித்துவிடலாம்" என்று நான்தான் பிரேரணை கொண்டுவந்தேன். எங்கள் போதகரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எஸ்தர், நீ இலங்கைக்குத்தானே போகிறாய்? வட்டவளைப் பெயர் ஒன்று இருக்கிறதே, அந்த மனுஷன் என்ன ஆனான் என்று நேரில் பார்த்துவிட்டு வா. பிறகு அடிப்பதைப் பற்றிப் பேசலாம்" என்றார்.

நோட்டில் அந்தப் பெயர் இப்படித்தான் இருக்கும்: வட்டவளை மாசிலாமணி, குடி. அவன் மனைவி பாக்கியம் கடிதம் எழுதிக் கேட்டது; ஒன்பது வருஷமாக நான் வாசிக்கிற மூன்று வார்த்தைகள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற வேகத்தில் வாசிப்பேன். அவன் நெட்டையா குட்டையா என்று ஒருநாளாவது நினைத்துப் பார்த்தேனா? இல்லை. ஒளிப்பானேன்!

புதன்கிழமை முழுவதும் ஹட்டன் கடைவீதியைச் சுற்றினேன். கோஸும் காரட்டும் பச்சைப்பசேலென்று குவிந்து கிடந்தன. எங்கள் ஊர்ச் சந்தையில் வாடிய கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய வாய் இங்கே பேச்சற்றுப் போயிற்று. மத்தியானம் கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். ரொட்டி நம் ஊர் அடையைவிடத் தடிமன், சம்பலின் காரத்தில் காது அடைத்தது. நாலு தின்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, இந்நேரம் ஊரில் கூட்டம் நடக்கும் என்ற நினைப்பு வந்தது. முன்பெல்லாம் எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை. ஐந்து வருஷத்துக்கு முன் அதைப் புதன்கிழமைக்கு மாற்றியதும் நான்தான். பக்கத்தில் சினிமாக் கொட்டகை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை புதுப்படம் போடுகிற நாள், ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஜெபிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னேன். எல்லோரும் சரியென்றார்கள்.

வியாழக்கிழமை வட்டவளைக்குக் கிளம்பினேன். "ரயில்ல கொஞ்ச நேரம்தான் அண்ணி, கண்ணை மூடிக்கிட்டுப் போயிடலாம்" என்று தங்கையா அனுப்பி வைத்தான். கண்ணைத் திறந்துகொண்டு போயும் கோட்டை விட்டேன். பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்டது போல் மூடுபனி. வண்டி நின்றதும், வட்டவளைதான் என்று நானே முடிவு கட்டி மூட்டையோடு குதித்தேன். கார்டு பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டே சிங்களத்தில் ஏதோ கத்தினார். வண்டி போன பிறகுதான் பிளாட்பாரத்தில் இருந்த ஒருவர் தமிழில் சொன்னார்: "வட்டவளை அடுத்ததும்மா, இறங்காதீங்கன்னுதான் அவரு சொன்னாரு." போன வண்டியைக் கூப்பிட்டா நிறுத்த முடியும்?

பாதைக்கு ஏறி வந்தால் ஒரு லாரி. ஓட்டியவர் தொப்பி போட்ட நடுவயதுக்காரர், வட்டவளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் அவரைக் காதர் நானா என்கிறார்கள். அண்ணனை அப்படித்தான் அழைக்கிறார்கள் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள். அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே எனக்கு இடம் கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் டின் என் முழங்காலை விசாரித்தது. நான் கர்த்தரே கர்த்தரே என்றேன், அவர் சிரித்தார்.

"வட்டவளையில யாரப் பாக்கப் போறீங்கம்மா?"

"தோட்டத்தில் பாக்கியம் என்று ஒரு பெண். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் பெயர் மாசிலாமணி."

"எந்த மாசிலாமணி? வெள்ளிக்கிழமை மாசிலாமணியா?"

எனக்குப் புரியவில்லை. நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கதையை அவிழ்த்தார். "ஆறு நாள் அந்த ஆளு தவறணையே கதின்னு சாராயத்துல கெடப்பான். அவன் வாறதப் பாத்தா நான் கடைக்கதவச் சாத்திடுவேன். வெள்ளிக்கிழமை வந்தா நானே ஸ்டூல் எடுத்துப் போட்டு உக்கார வைப்பேன். அன்னைக்கு ஒரு சொட்டுத் தொடமாட்டான். இந்தியாவுல நாப்பது பொம்பளைங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறு மணிக்கு அவன் பேரைச் சொல்லி துஆ கேக்குறாங்களாம். அத்தனை பேர் கேக்குற நேரத்துல குடிச்சா அடுக்குமா நானான்னு என்கிட்டயே கேப்பான். ஒம்பது வருஷமா இப்படித்தாம்மா."

நானா கொடுத்த கடலை வாயில் அப்படியே நின்றது. நாற்பது பேராம்! புதன்கிழமையில் பன்னிரண்டு பேர் வந்தாலே பெரிய கூட்டம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் கோயில் கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஐந்து வருஷமாகத் தொங்குகிறது. அங்கே யாருமே இல்லாத ஒரு மணிக்காக இங்கே ஒருவன் தொண்டையைக் காயப்போட்டுக் கொண்டிருக்கிறான். "என்னம்மா, லாரி ஆட்டம் ஒத்துக்கலியா?" என்றார் நானா. ஆமாம் என்று பொய் சொன்னேன்.

பாக்கியத்தைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண்டேன். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், ஒல்லியான உடம்பு, நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம். நான் இன்னார் என்று சொன்னதும் அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்திருந்த படங்குச் சாக்கு நழுவியது. "நெசமாவாங்க? கடுதாசி எழுதுன டீச்சரம்மாவா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மலைச்சரிவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாளே பார்க்கலாம்! "ஏய் மீனாட்சி! திண்டுக்கல்லு டீச்சரம்மா வந்திருக்காங்கடீ!" கூடைகளோடு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் கூடவில்லை. சந்தோஷப்படுவதா, மண்ணுக்குள் புகுவதா என்று தெரியாமல் நின்றேன்.

கண்டாக்கையாவிடம், அதாவது தோட்டத்து மேற்பார்வைக்காரரிடம், சொல்லி நான் இரண்டு நாள் தங்க உத்தரவு வாங்கினாள் பாக்கியம். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம். எங்கள் பள்ளிக்கூடத்துச் சாமான் அறை அதைவிடப் பெரியது. அந்த அறையில் பாக்கியம் முதலில் எனக்குக் காட்டியது ஒரு தகரப்பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த தபால் கார்டை. என் கையெழுத்து! "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு நாங்கள் எல்லோரும் கூடி உங்கள் கணவர் பெயரைக் கர்த்தருடைய சமுகத்தில் சொல்லுவோம். மறக்கமாட்டோம்." மறக்கமாட்டோம் என்பதற்கு அடியில் நானே கோடும் போட்டிருக்கிறேன்.

"ஏன் பாக்கியம் நீ பதிலே போடவில்லை?" என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதறதுங்க? குடிய விட்டுட்டாருன்னா ஸ்தோத்திரம்னு எழுதலாம். ஏழுல ஒரு நாளுதானே விட்டாரு. அரையும் கொறையுமா எழுதப் போயி, சரி ஆயிருச்சுன்னு நீங்க பேரை அடிச்சிட்டீங்கன்னா? அந்த ஒரு நாளும் போயிருமேங்க." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் பையில் அந்த நோட்டும் சிவப்புப் பேனாவும் இருந்தன.

இருட்டுகிற நேரத்தில் பாக்கியம் எழுந்து, சோற்றுப் பானையைத் தூக்கி அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் வைத்தாள். "எதற்கு?" என்றேன். "அவரு வர்ற நேரங்க" என்றாள். அவ்வளவுதான் விளக்கம். கொஞ்சநேரத்தில் அவன் வந்தான். நெட்டை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவனுக்குள்ள முரட்டுக் கை. பேச்சு எது, வசவு எது என்று பிரிக்க முடியவில்லை. அடுப்படிக் கல்லை எத்தினான், பானை அங்கே இல்லாததால் கால் சறுக்கி விழுந்தான், விழுந்த இடத்தில் அழுதான். பாக்கியம் ஒரு சாக்கை இழுத்து அவன்மேல் போர்த்தினாள். வட்டவளை மாசிலாமணி, குடி. அந்த மூன்றாவது வார்த்தையின் நாற்றத்தை அன்றுதான் முகர்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை எழுப்பி நாலு அறை கொடுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டுத் தப்பு முழங்கிற்று. வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பறை அது. மாசிலாமணி என் முகத்தைப் பார்க்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு நழுவினான். நான் பாக்கியத்தோடு மலைக்கு ஏறினேன். ஆஹா, அந்தக் காலை வெயில்! மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. நானும் கொழுந்து பறிக்கிறேன் என்று இறங்கி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளத் தெரியாமல் முற்றின இலையாகப் பிய்த்தேன். "டீச்சரம்மா, அத மாட்டுக்குத்தான் போடணும்" என்றாள் மீனாட்சி. அவள் பாக்கியத்துக்கு அடுத்த அறைக்காரி, கழுத்தில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறு. மலை முழுக்கச் சிரித்தது, நானும்தான் சிரித்தேன்.

நிறைந்த கூடையை யாராலும் தனியாகத் தூக்கி மாட்ட முடியவில்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். பக்கத்தில் இருப்பவள் தன் வேலையை விட்டுவிட்டு வந்து தூக்கிவிடுகிறாள், இவள் நெற்றியில் கயிற்றைச் சரிசெய்துகொள்கிறாள். "எங்க ஜெபமும் இப்படித்தாங்க" என்றாள் பாக்கியம். "எங்க லயத்துல யாரும் தனக்குன்னு ஜெபிக்கக் கூடாது. கொறைய பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லணும், அவங்கதான் ஆண்டவர்கிட்ட சொல்லணும். நம்ம கூடைய நாமளே தூக்க முடியுங்களா?" பன்னிரண்டு வருஷக் காரியதரிசிக்கு இது ஒரு பாடப்புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நாலரைக்கே மாசிலாமணி வந்துவிட்டான். மலை ஊற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் குளித்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. இஸ்தோப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அடுத்த லயத்திலிருந்து இரண்டு பேர் ஒரு கோழிக்காகப் போட்ட சண்டையைக் கொண்டுவந்தார்கள், தீர்த்து வைத்தான். ஒரு கிழவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டினான். நேற்று அழுக்குச் சாக்குக்கடியில் கிடந்தவனா இவன்! சோற்றுப் பானை தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், திறந்தபடி இருந்தது. பாக்கியம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சம்பல் அரைத்தாள். இந்த ஒரு நாளைக்காகத்தான் அவள் ஆறு நாளைக் கடக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. வாயைத் திறக்காதே எஸ்தர், ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், திங்கட்கிழமை ஊர், கதை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அறையில் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மீனாட்சி தன் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு வந்து பாக்கியத்தின் பக்கத்தில் அமர்ந்தாள். ஒருவர் குறையை ஒருவர் சொல்லி ஜெபித்தார்கள். மாசிலாமணி என் பக்கம் திரும்பினான். கண்ணில் அப்படியொரு ஆசை.

"டீச்சரம்மா, இப்ப உங்க கோயில்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்கள்ல? என் பேரை எப்படிங்க சொல்லுவாங்க? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன், கேக்கணும்."

எல்லோரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்துவிட்டார்கள். நானும் மூடினேன். ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. மனுஷரிடம் சொல்கிற பொய் வேறு. ஆண்டவரே என்று கூப்பிட்டுவிட்டு அதற்குப் பின்னால் பொய்யை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"தம்பி, அங்கே இப்போது யாரும் இல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளியைப் புதனாக்கியது, உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் விட்டது, பெயரை அடிக்கலாம் என்று நானே சொன்னது. ஒலிபெருக்கிக் காரணமும் முழு உண்மையில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். "வெள்ளிக்கிழமை புதுப்படம். முதல் நாளே பார்த்துவிட வேண்டும் எனக்கு. நாத்தனாரோடு முக்காடு போட்டுக்கொண்டு போவேன். அதற்குக் கூட்டம் இடைஞ்சலாக இருந்தது. அதனால் மாற்றினேன்." என் சபையில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் அது. ஒரு லயமே கேட்டது.

மாசிலாமணி எழுந்தான். என்னைத் தாண்டி, செருப்புப் போடாமல், வெளியே மூடுபனிக்குள் போனான். தவறணைக்குப் போகிற பாதையும் அந்தப் பக்கம்தான். பாக்கியம் என்னைத் திட்டவில்லை. எழுந்தாள். சோற்றுப் பானையைத் தூக்கினாள், பரணில் வைத்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

என்னை யாராவது வாரியலால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பது வருஷமாக ஒருத்தி கட்டிக் காத்த ஒரே நாளை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டேன். "ஆண்டவரே, அவன் திரும்பி வரட்டும்" என்று வாய்விட்டு அழுதேன். வேகமில்லை, நோட்டு இல்லை, பெயருக்குப் பக்கத்தில் குடியும் இல்லை. நான் அவனுக்காக உண்மையில் ஜெபித்தது அதுதான் முதல் தடவை. பாக்கியமும் மீனாட்சியும் என் முதுகில் கை வைத்தார்கள். அறை முழுக்க அவன் பெயர்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, சம்பல் காய்ந்துவிட்டது.

வாசலில் நிழல் தட்டிற்று. மாசிலாமணி நின்றான். முகமெல்லாம் ஈரம், பீலியில் தலையை நீட்டியிருக்கிறான். வாடை எதுவும் இல்லை.

"அஞ்சு வருஷமா வெள்ளிக்கிழமையில யாருமே என் பேரைச் சொல்லலியா?"

"இல்லை தம்பி."

"அப்ப நானாத்தான் குடிக்காம இருந்தேனா?"

"நீங்களா?" என்று சீறினாள் பாக்கியம். அவள் குரல் உயர்ந்து அப்போதுதான் கேட்டேன். "அவங்க சொல்லலேன்னா என்ன? நான் சொன்னேன். மீனாட்சி சொன்னா. இந்த லயமே உக்காந்து சொல்லுச்சு. உங்க காதுக்குக் கடலு தாண்டுனதுதான் கேக்கும், பக்கத்துல இருக்கது கேக்காது!"

அவன் அவளையே பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "புதன்கிழமைன்னா நெசமாவே சொல்றீங்களா?"

"அதைத் தவறவிட்டதில்லை. என்ன, அவசரமாகச் சொல்லுவேன்."

"அட கடவுளே! நீங்க அங்க முழங்கால்ல நிக்கிற நேரத்துல நான் இங்க தவறணையில நின்னிருக்கேன்." தலையைச் சொறிந்தான். பெருமூச்சு விட்டான். "அப்ப புதன்கிழமையும் போச்சா!"

முதலில் மீனாட்சிதான் சிரித்தாள். பிறகு லயமே அதிர்ந்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பாக்கியம் சிரிக்கவில்லை, அவன் முகத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"சரிங்க டீச்சரம்மா" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் புதனையும் விட்டுப் பாக்குறேன். நீங்க வெள்ளிக்கிழமைய மறுபடியும் பிடிக்கணும். யாரும் வராட்டி நீங்க ஒத்த ஆளா உக்காந்தாலும் போதும். முடியுங்களா?" குடியும் சினிமாவும் ஒன்றல்ல, என் படத்தால் யாரும் பானையைப் பரணில் ஏற்றியதில்லை. ஆனாலும் முடியுமா என்று கேட்டதும் கொட்டகை ஒலிபெருக்கிப் பாட்டுத்தான் என் காதில் கேட்டது. ஆசையை விடுவது என்றால் என்ன என்று எனக்கு அந்த நொடியில்தான் கொஞ்சம் தெரிந்தது. "கஷ்டம்தான் தம்பி" என்றேன்.

"நீங்க என் பக்கத்துல உக்காந்திருக்கீங்க. அப்ப உங்களுக்கு நான்தான் ஜெபிக்கணும். உங்க பேரு என்னங்க?"

"எஸ்தர்."

மண் தரையில் முழங்காலிட்டான். "ஆண்டவரே, எஸ்தர் டீச்சரம்மா நல்லவங்க. அவங்களுக்கு வெள்ளிக்கிழமை சினிமா ஆசை வருது. எனக்குத் தெரியும், சாயங்காலம் ஆனா காலு தானாப் போகும். அந்த நேரத்துல அவங்க காலைப் பிடிச்சுக்கங்க. ஆமென்." பன்னிரண்டு வருஷம் ஊரார் பெயரையெல்லாம் எழுதியிருக்கிறேன், வாசித்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி ஒருவர் ஜெபித்து நான் காதால் கேட்டது அன்றுதான். கண்ணைத் திறந்தபோது பாக்கியம் எழுந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆறின சோறும் காய்ந்த சம்பலும், அதற்கு ஈடாக நான் எந்த விருந்திலும் தின்றதில்லை.

சனிக்கிழமை காதர் நானா தன் லாரியிலேயே என்னை ஹட்டனில் கொண்டுவந்து விட்டார். அன்று சாயங்காலம் மாசிலாமணி குடித்திருப்பான், பானை மேலே ஏறியிருக்கும். அதை நினைத்துக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிப் பிடித்தேன். "அண்ணி, பிள்ளைக்காக வாக்குக் குடுக்கும்போது ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னீங்களே, குளிரா?" என்றான் தங்கையா. குளிர்தான் என்றேன்.

ஊருக்கு வந்ததும் சங்கத்தில் சினிமா உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். போதகரம்மா என் சிவப்புப் பேனாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். புதன் புதனாகவே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வர முடிந்தவர்கள் வரட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. முதல் வெள்ளிக்கிழமை எவருக்கும் முடியவில்லை.

ஐந்தரைக்கே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் தலை நிறையக் கனகாம்பரத்தோடு வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, எல்லாரும் சொல்றாங்க, படம் பிரமாதமாம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்!" என்றாள். என் கால் இரண்டடி வைத்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு கோயில் சாவியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினேன்.

காலிப் பெஞ்சுகளுக்கு நடுவே தனியாக முழங்காலிட்டேன். ஜன்னல் வழியே கொட்டகைப் பாட்டு வந்துகொண்டே இருந்தது. மணி ஆறு அடித்தது. "ஆண்டவரே, மாசிலாமணி" என்று நிதானமாகச் சொன்னேன். இந்நேரம் அங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்டை வறள, ஒருவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான்.